ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக் கூட்டம்

மணிவண்ணன் தன் தெருவுக்குள் நுழைந்தபோது சாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வந்த ஒருவரை நிறுத்தி, "யாரு வூட்ல சாவு?" என்று கேட்டான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளைப் பிடித்து சாமியானாவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடத்தியிருந்தது அவன் மனைவி செல்வகுமாரியை.

இது எதுவும் அவனுக்கு நினைவில்லை. பிற்பாடு ஊரில் ஒவ்வொருவராகச் சொல்லித்தான் தெரிந்தது.

பாகூர் கடைத்தெரு முடிகிற இடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் மணிவண்ணன். வயது நாற்பத்தொன்பது. சுற்றுவட்டாரத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர்களுக்கு போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் அவன் ஞாபகம்தான் வரும். எரிந்த காயிலை வெட்டி எடுத்து, உட்புறத்தைச் சுத்தம் செய்து, புதுச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி உள்ளே இறக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் மறுபடி எரியும். கை நடுங்கக் கூடாத வேலை. அவன் கை காலையில் நடுங்கும். ஒரு கிளாஸ் உள்ளே போனால் நின்றுவிடும். வேலைக்காகத்தான் குடிக்கிறேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனே அதை நம்பவும் செய்தான்.

பாகூர்ப் பக்கத்தில் சாராயத்தைத் தேடி யாரும் அலைந்ததில்லை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடலூர்க்காரர்களே பஸ் ஏறி இங்கே வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். காலையில் கடை திறக்கும் முன்பு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பதில் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தது அவன் நாள். மனைவியை அவன் கை நீட்டி அடித்ததில்லை. கெட்ட வார்த்தை பேசி தெருவைக் கூட்டியதும் இல்லை. ஆனால் எதற்கும் அவன் இருந்ததில்லை. மகள் புவனேஸ்வரி பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது இல்லை. அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, பாக்கு வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று போனவன், அவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் வந்தான். கல்யாணத்தை செல்வகுமாரியும் அவள் தம்பியும்தான் நடத்தினார்கள். மகள் பண்டசோழநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

செல்வகுமாரி செத்தது ஐப்பசி மாதத்தில், நல்ல மழை நாளில். நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான் மணிவண்ணனுக்குத் தெரியும். மகளிடம் கேட்கலாம் என்றால், கருமாதி முடிந்து காரில் ஏறும்போது அவள் அவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று.

"இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க."

அதற்கப்புறம் நாலு மாதம் அவன் இன்னும் அதிகமாகக் குடித்தான். மாசி மாதம் ஒரு நாள், மோட்டாரைக் கொடுக்க வந்த விவசாயி ஒருவர் வாய் தவறிக் கேட்டார். "பொண்ணுக்கு வளைகாப்பாமே. நாளன்னிக்குத்தான? போவியா?"

மகள் உண்டாகியிருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

வளைகாப்பு அன்றைக்குக் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு பண்டசோழநல்லூர் போனான். குடிக்காமல்தான் போக நினைத்தான். ஆனால் கை நடுங்கிய நடுக்கத்தில் வளையல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. நெட்டப்பாக்கத்தில் வண்டியை நிறுத்தி ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டான். மருமகன் கலைவேந்தன் வாசலிலேயே அவனைப் பார்த்துவிட்டான். நல்ல பையன். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வளையலை வாங்கிக்கொண்டான்.

"மாமா, அவ பாத்தா அழுவா. இன்னிக்கு வோணாம். நான் அப்பறம் கூப்டறேன்" என்று சொல்லி, அவன் வண்டியை வந்த வழிக்குத் திருப்பி நிறுத்தினான்.

உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் தன் மகளின் சிரிப்பு எது என்று பிரித்துப் பார்க்க மணிவண்ணனால் முடியவில்லை.

நேராக அவன் வழக்கமான சாராயக்கடைக்கு வந்து உட்கார்ந்தான். கல்லாவில் இருந்த கலைச்செல்வன் முப்பது வயதுக்காரன். மணிவண்ணனுக்கு இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தவன். வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "இன்னாண்ண, விசேஷமா?" என்று கேட்டான். மணிவண்ணன் நடந்ததைச் சொன்னான். சொல்லும்போது அழவில்லை. அடுத்தவன் கதையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

கலைச்செல்வன் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் விக்கிறவன், நான் சொல்லக் கூடாதுண்ண. கரும்பு லாரி ஓட்டுவாரே சூசைநாதன், பூரணாங்குப்பத்துக்காரரு, ஞாபகம் கீதா? இதே பெஞ்சுலதான் வுழுந்து கெடப்பாரு. மூணு வருஷமா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல. வில்லியனூர்ல இன்னாமோ கூட்டமாம். குடிய வுட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுவாங்களாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம். எங்கன்னு எனக்குத் தெரியாது. போய்த்தான் பாரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிவண்ணன் கரிக்கலாம்பாக்கம் வழியாக வில்லியனூர் போனான். போன பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. யாரிடம், என்னவென்று கேட்பது? குடிகாரர்கள் கூட்டம் எங்கே என்று வாய் விட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. இத்தனை வருஷம் நடுத்தெருவில் விழுந்து கிடக்க வராத கூச்சம். ஒரு ஜெராக்ஸ் கடையில், "இங்க இன்னாமோ மீட்டிங்காமே?" என்றான். கடைக்காரர் எதிரே ஒரு மண்டபத்து மாடியைக் காட்டினார். ஏறிப் போனால் எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேரா விட்டுவிட்டார்கள் என்று மலைத்துப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். டை கட்டிய ஒருவர் மேடையில் ஏறி, மனிதனுக்கு எப்போது வேண்டுமானாலும் சாவு வரலாம் என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் அது இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் கூட்டம் என்று மணிவண்ணனுக்குப் புரிந்தது. ஒரு பெண் படிவத்தோடு அவன் பக்கம் வந்தபோது எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டான்.

அதற்கடுத்த வாரம் மாதா கோயில் தெருவிலும் தேரடி வீதியிலும் ஒரு மணி நேரம் சுற்றினான். யாரையும் கேட்கவில்லை. குடித்துவிட்டுத் திரும்பினான்.

மூன்றாவது வாரம், பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ விற்கிற அம்மாளிடம் போய், குரலைத் தாழ்த்தி, குடியை நிறுத்துகிற கூட்டம் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டான். அந்த அம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

"குடிகாரனுங்க மீட்டிங்கா?" என்று பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். "அதோ அந்தச் சந்துல போ. தையல் கிளாஸ் நடத்துற ரூமு. எம் மருமவனக் கூட அங்கதான் அனுப்பினோம்."

தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஜாக்கெட் வெட்டும் அளவுகள் சாக்பீஸில் எழுதிய கரும்பலகை. வட்டமாகப் பதினோரு நாற்காலி, ஒன்பது பேர். மூலையில் ஃபிளாஸ்க். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சூசைநாதன் மணிவண்ணனைக் கண்டதும் எழுந்து நின்றார். லாரி ஓட்டிய பழைய உடம்பு இல்லை. இளைத்து, தலை நரைத்து இருந்தார். "வாப்பா" என்று மட்டும் சொன்னார். ஏன் வந்தாய் என்றோ, எத்தனை நாளாகக் குடிக்கிறாய் என்றோ யாரும் கேட்கவில்லை.

நாலரை மணி ஆனதும் சூசைநாதன் ஆரம்பித்தார். "எம் பேரு சூசைநாதன். நான் குடிநோயாளி. இன்னிக்கு நான் குடிக்கல." அடுத்தவர் அதையே தன் பெயரோடு சொன்னார். ஒரு கொத்தனார், ஒரு ஸ்கூல் வாத்தியார், கல்யாணமாகாத ஒரு இளைஞன். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னார். குறுக்கே யாரும் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. வாத்தியார் பிள்ளைகள் முன்னால் விழுந்ததைச் சொன்னபோது யாரும் உச்சுக்கொட்டக்கூட இல்லை. மணிவண்ணனின் முறை வந்தது. பெயரைச் சொன்னான். அதற்கு மேல் வரவில்லை. "சரிப்பா, போதும்" என்றார் சூசைநாதன்.

அன்றோடு குடியை நிறுத்திய மணிவண்ணனுக்கு இரண்டாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சுவர் முழுக்க எறும்பு ஊர்வதாகச் சொல்லி, வெறும் சுவரைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தான். நல்ல வேளையாக அன்று சூசைநாதன் பார்க்க வந்தார். பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"இத்த தானா நிறுத்தக் கூடாதுப்பா, உசுருக்கே ஆபத்து" என்று அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். பத்து நாள் இருந்தான். வெளியே வந்ததும் கூட்டம். திங்கள் முதல் சனி வரை எப்படி ஓட்டுவது என்று தெரியாதபோது சூசைநாதனுக்கு போன். அவர் பெரிய அறிவுரை எதுவும் சொல்ல மாட்டார். "சாப்டியா? வெல்லம் போட்டு ஒரு டீ குடி. படுக்கறதுக்கு முன்ன மறுபடி கூப்புடு" என்பார்.

ஐந்தாவது வாரம் கூட்டத்தில் மணிவண்ணன் வாயைத் திறந்தான். மனைவி செத்த நாள் தனக்கு நினைவில் இல்லை என்றான். மூன்று நாள் மொத்தமாக அழிந்துபோய்விட்டது. பெட்டியில் இருந்த அவள் முகத்தை எவ்வளவு யோசித்தாலும் கொண்டுவர முடியவில்லை. கொள்ளி வைத்தது நான்தானாம், ஆனால் வைத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கும்போது சூசைநாதன் அவனை உட்காரச் சொன்னார்.

"இங்க பேசறத வெளிய சொல்லக் கூடாது. அதான் நம்ம வழக்கம். ஆனா போனவங்க விஷயம், உனக்குத் தெரியணும்னு தோணுது. செல்வகுமாரியம்மா இங்க வந்துனு இருந்தாங்கப்பா."

மணிவண்ணனுக்குப் புரியவில்லை. "எங்க?"

"இங்கதான். போன வருஷம் ஆடியிலேர்ந்து. ஒரு ஒம்போது, பத்து வாரம் வந்திருப்பாங்க. பொம்பளைங்களுக்குத் தனிக் கூட்டம் இங்க கெடையாது. வாசலாண்ட உக்காந்து கேட்டுனு இருப்பாங்க. இவங்கள்லாம் எப்டி வந்தாங்க, என் வூட்டுக்காரர எப்டி இட்னு வர்றதுன்னு கேட்டாங்க. அவரா வந்தாத்தாம்மான்னு சொன்னோம். சரின்னாங்க. அப்பறமும் வந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பிப் போனது மணிவண்ணனுக்கு நினைவு வந்தது. பாகூரில் இல்லாத சாமியா வில்லியனூரில் இருக்கிறது என்று ஒரு தரம் கிண்டல் செய்திருக்கிறான். இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

"ஒண்ணு கேட்டுக்கினாங்க" என்றார் சூசைநாதன். "என்னிக்காவது அவரு வந்தாருன்னா, நான் வந்தேன்னு சொல்லிடாதீங்க, வெக்கப்படுவாருன்னாங்க. அதனாலதான் இவ்ளோ நாளு சொல்லல."

மணிவண்ணன் அன்று அந்த அறையில் அழுதான். மனைவி செத்து ஐந்து மாதம் கழித்து முதல் தரம். சூசைநாதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவைப் பூட்ட வந்த தையல் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, சாவியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரை கடைசியில் புவனேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் பார்க்க வேண்டியது. தாயும் இல்லை, தாய் வீடும் அவளுக்கு இல்லை. மாமியார் வீட்டிலேயே இருந்தாள். கலைவேந்தன் போன் செய்து சொன்னான். குடிப்பதை நிறுத்தி எழுபது நாள் ஆகியிருந்த மணிவண்ணன், மறுநாள் கிளம்பிப் போனான்.

புவனேஸ்வரி அவனை உள்ளே விட்டாள். குழந்தையைக் கண்ணால் காட்டினாள். தொடச் சொல்லவில்லை, அவனும் தொடவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் அவன்தான் சொன்னான்.

"குடிக்கிறத வுட்டுட்டேன்மா. அத்த சொல்றதுக்கு வரல. அம்மா போன அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீதான் கூட இருந்த. சொல்லுவியா?"

புவனேஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இதைக் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. குழந்தையின் துணியை மடித்துக்கொண்டே, குரல் ஏறாமல் இறங்காமல் சொன்னாள்.

"காலைல ஒம்போது மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு எனக்கு போன் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி உங்களுக்குப் பதினோரு வாட்டி பண்ணியிருக்காங்க. அப்பறமா அவங்க போன்ல பாத்தேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப உசுரு இருந்துச்சு. ஒரு மணி நேரம் இருந்தாங்க."

"இன்னா பேசனா?"

"அடுப்ப அமத்தினேனான்னு தெரியல, போய்ப் பாருன்னு சொன்னாங்க. பால் வெச்சிருந்தாங்களாம். அதையேதான் ரெண்டு மூணு வாட்டி சொன்னாங்க."

"என்னப் பத்தி எதுனா..."

"இல்ல."

அவள் துணியை மடித்து முடித்தாள்.

"சுடுகாட்டுக்கு நான் வரல. அம்மாவோட தம்பி, மாமாதான் வந்து சொன்னாரு. ரெண்டு பேரு உங்களத் தாங்கிப் புடிச்சி, உங்க கைய அவரு புடிச்சி, கொள்ளி வெக்க வெச்சாராம். அப்ப நீங்க சிரிச்சீங்களாம்." மடித்த துணியை எடுத்து வைத்துவிட்டு, "அதத்தான் என்னால மறக்க முடியல. நான் கண்ணால பாக்கக்கூட இல்ல" என்றாள்.

குழந்தை அழ ஆரம்பித்தது. புவனேஸ்வரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மணிவண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தான்.

திரும்புகிற வழியில் அவன் குடித்தான். சூசைநாதனுக்கு போன் செய்ய வேண்டும் என்று தெரியும். போனைக் கையில் எடுத்தான். எடுத்ததைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துவிட்டு, கரிக்கலாம்பாக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தான். அன்றும் மறுநாளும் குடித்தான். மூன்றாம் நாள் ஞாயிறு. வாய் நாற்றத்தோடு நாலரை மணிக்குத் தையல் வகுப்பு அறைக்குப் போய், "எம் பேரு மணிவண்ணன். நான் குடிநோயாளி. நேத்து குடிச்சேன்" என்றான். கொத்தனார் ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். அடுத்தவர் தன் கதையை ஆரம்பித்தார்.

அந்த வாரம் அவன் மகளுக்கு போன் செய்தான். அவள் எடுத்தாள்.

"உன்னப் பாத்துட்டு வந்த அன்னிக்கு நான் குடிச்சிட்டேன்மா. நீயா ஊர்ல கேட்டுத் தெரிஞ்சிக்க வேணாம்னுதான் சொல்றேன். மறுபடி நிறுத்தியிருக்கேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

இது நடந்து இப்போது ஏழு மாதம். மணிவண்ணன் அதற்கப்புறம் குடிக்கவில்லை. இன்றுவரை இல்லை என்றுதான் அவனே சொல்வான். நாளையைப் பற்றி அவன் பேசுவதில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டது. கடையில் வேலை நன்றாக நடக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. ஊரில் பார்க்கிறவர்கள், "இத்த அந்தம்மா இருக்கும்போது செஞ்சிருக்கலாமே" என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். ஆமாம் என்கிறான். வீட்டுக்கு வந்து ஒருவனாகச் சோறு வடித்து, ஒருவனாகச் சாப்பிடுகிறான். தெளிந்த தலையோடு இருக்கிற ஒரு சாயங்காலம் இவ்வளவு நீளமானது என்று முன்பு அவனுக்குத் தெரியாது. அவளுடைய முகம் மட்டும் இன்னும் வரவில்லை. தங்கள் கல்யாணத்தில் பார்த்த முகம் வருகிறது, மகளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நின்ற முகம் வருகிறது. கடைசி முகம் இல்லை. அது இனி வராது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கூட்டத்தில் அதையும் சொன்னான்.

போன வாரம் கலைவேந்தன் போன் செய்தான். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டமாக இருக்கிறது என்றான். பக்கத்திலிருந்து புவனேஸ்வரிதான் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது போனிலேயே கேட்டது. மணிவண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனான். காயில் எரியவில்லை, கெப்பாசிட்டர்தான் போயிருந்தது. பத்து நிமிஷத்து வேலை. புதிதாக ஒன்று மாட்டி, மோட்டாரைப் போட்டு, தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கை கழுவினான்.

புவனேஸ்வரி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தை அவனையே உற்றுப் பார்த்தது. யாரென்று தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. அப்பா என்று புவனேஸ்வரி கூப்பிடவில்லை. அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தள்ளினான்.

"மேக்கால இருட்டினு வருது" என்றாள் அவள், வாசலில் நின்று. "வழியில எங்கயும் நிக்காம போங்க."

மழையைச் சொன்னாளா, வழியில் இருக்கிற கடைகளைச் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.